டிரைவரைச் சந்தேகிக்கும் முன் சக்கரத்தைப் பாருங்கள்



'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பருப்பை அளக்கிறோம், எண்ணெயை அளக்கிறோம். மூட்டைக்கு அரைக் கிலோ குறைந்தால் அனுப்பிய மில்லுக்கு உடனே போன் போடுகிறோம். ஆனால் வாசலில் நிற்கும் சரக்கு வேன் குடிக்கிற டீசலை நம்மில் பலர் அளப்பதே இல்லை. மாதக் கடைசியில் பங்க் பில்லைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். அப்போது நம் பார்வை முதலில் போவது வண்டி மீது அல்ல, டிரைவர் மீது. இந்தத் தவறை நானும் செய்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விருதுநகரில் பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம் எனக்கு. அருப்புக்கோட்டை, சாத்தூர் லைனில் கடைகளுக்குச் சரக்கு இறக்க ஒரு சிறிய டீசல் வேன் வைத்திருக்கிறேன். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி. சில வருடங்களுக்கு முன் தீபாவளியை ஒட்டி நாலைந்து நாள் அடைமழை பெய்தது. அதற்குப் பிறகு மைலேஜ் திடீரென்று 12-க்கு இறங்கிவிட்டது.

நான்கு கிலோமீட்டர்தானே என்று நினைக்கக் கூடாது. தினம் 80 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 2,080 கிலோமீட்டர். 16 கொடுத்தால் 130 லிட்டர் போதும். 12 கொடுத்தால் 173 லிட்டர் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் ஏறக்குறைய 4,000 ரூபாய் வீண். நூற்றுக்கு இரண்டு ரூபாய் நிற்கும் வியாபாரத்தில் அந்த 4,000 ரூபாயைச் சம்பாதிக்க 2 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும்.

"டிரைவர் டீசல் எடுக்கிறார்ப்பா, ஆளை மாத்திடுவோம்" என்றான் என் மகன். அந்த டிரைவர் எங்களிடம் 14 வருடமாக இருப்பவர். லைன் வசூல் பணத்தில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. இருந்தும் என் மனதில் சந்தேகம் புகுந்துவிட்டது. நேராகக் கேட்கவில்லை. ஆனால் கடைப் பையன்கள் எதிரிலேயே பங்க் பில்லைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டே நாளில் அவர் புரிந்துகொண்டார்.

"அண்ணாச்சி, பதினாலு வருசமா வசூல் பணத்தை என்னை நம்பி விட்டீங்க. டீசலுக்குச் சந்தேகப்படுறீங்களே. நீங்களே வண்டியில கூட வந்து பாருங்க" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மறு வாரம் மூன்று நாள் நானே வண்டியில் போனேன். முதல் நாள் காலை, பங்க் குழாய் தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டேன். இரவில் சாவி என் வீட்டில் இருந்தது. மூன்றாம் நாள் மாலை அதே பங்க், அதே பம்ப்பில் மறுபடி நிரப்பினேன். ஓடியது 252 கிலோமீட்டர், பிடித்தது 21 லிட்டர். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அதே 12-தான். டீசலை யாரும் எடுக்கவில்லை, வண்டிதான் குடிக்கிறது என்பது தெளிவாயிற்று.

பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் என்ஜினைத் திறக்கவே இல்லை. "மைலேஜ் மெல்ல மெல்லக் குறைஞ்சதா, ஒரேயடியாக் குறைஞ்சதா?" என்று கேட்டார். மெல்லக் குறைந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் கோளாறு, என்ஜின் தேய்மானம் என்று தேட வேண்டும். ஒரேயடியாகக் குறைந்தால், அந்த நாளையொட்டி என்ன மாறியது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மழையைத் தவிர எதுவும் மாறவில்லை என்றேன்.

சமதரையில் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துத் தள்ளச் சொன்னார். ஒருவர் தள்ளினாலே நகரும் காலி வண்டி, இரண்டு பேர் தள்ளியும் முரண்டு பிடித்தது. பிறகு சிறிது தூரம் ஓட்டிவந்து, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். தொடவில்லை, தொட்டால் சுட்டுவிடும். பின்புற இடது சக்கரம் மட்டும் அனலாக இருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, லீவரைக் கீழே இறக்கினாலும் கேபிள் திரும்பாமல் நின்றிருக்கிறது. பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்க, நாள் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓடிய கதைதான். கேபிளை மாற்றி ஷூவைச் சுத்தம் செய்தார். அரை மாதத்து வீண் செலவுக்குள் வேலை முடிந்தது. மைலேஜ் மறுபடி 16-ஐத் தொட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சூட்டில் பிரேக்கே பிடிக்காமல் போயிருக்கலாம் என்றார் மெக்கானிக்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. மழை விட்ட வாரமே டிரைவர், "வண்டி இழுவையா இருக்கு அண்ணாச்சி" என்று சொன்னார். தீபாவளி பாக்கி வசூல் முடியட்டும், பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

ஆகவே, உங்கள் வண்டியின் மைலேஜ் திடீரென்று குறைந்தால் முதலில் இவற்றைப் பாருங்கள். காலையில் வண்டி கிளம்பும் முன், டயர் சூடேறாதபோது காற்றுப் பாருங்கள். நிறுத்திய இடத்தில் டீசல் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புப் புகை வந்தால் ஃபில்டரையும் நாசிலையும் கவனிக்கச் சொல்லுங்கள். அளவில் பெரிய டயர் மாற்றியிருந்தால் மீட்டர் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டும்; அப்போது குறைவது கணக்குதான், மைலேஜ் அல்ல. பங்க் அளவில் சந்தேகம் இருந்தால், அங்கே முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும். நம் தராசைச் சோதிக்க வாடிக்கையாளருக்கு உரிமை இருப்பது போல, அதில் பிடித்துக் காட்டச் சொல்ல நமக்கும் உரிமை உண்டு.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. டவுனுக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் அதில் கரி சேரும். அதை எரிக்க வண்டி கூடுதல் டீசல் எடுக்கும். பெட்ரோல் வண்டிக்காரர்கள் எத்தனால் கலப்பைக் காரணம் சொல்கிறார்கள். 20 சதவீதக் கலப்பால் மைலேஜ் சில சதவீதம் குறையலாம். கால்வாசி குறைந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

டீசல் திருடும் டிரைவரே கிடையாதா என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஆனால் அதையும் சொல்லப்போவது அளவுதான், ஊகம் அல்ல. நாம் கூடப் போனபோது மைலேஜ் ஏறி, போகாதபோது இறங்கினால் அப்போது கேளுங்கள். அன்று என் டிரைவரை நிறுத்தியிருந்தால், புதிதாக வந்தவரும் அதே 12-தான் காட்டியிருப்பார். அவரையும் திருடன் என்றிருப்போம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, மீட்டர், லிட்டர் என்று மூன்று பத்தி போடுங்கள். நான்காவதாக 'டிரைவர் சொன்னது' என்று ஒரு பத்தி போடுங்கள். என் கடை நோட்டில் அது இருக்கிறது. பையன்கள் எதிரில் சந்தேகப்பட்டதால், பையன்கள் எதிரிலேயே அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். அவர்தான் இன்றும் எங்கள் வண்டியை ஓட்டுகிறார்.