சித்தப்பாவின் பொட்டியும் நாலு ஸ்க்ரூவும்

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்போ சிவகாசியில சித்தப்பா வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தேன். விருதுநகர்ல பஸ் ஏறினா முக்கா மணி நேரம்தான். சித்தப்பா வீட்டுலயே டிடிபி பண்றவர். பட்டாசுப் பெட்டி லேபிள், தினசரி காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகைன்னு பிரஸ்காரங்க என்ன கேக்குறாங்களோ அதை கோரல்டிராவுல போட்டுக் கொடுப்பார்.

நான் போன நேரம் அப்பத்தான் பொட்டியை ஆன் பண்ணியிருந்தார்.

"வா தம்பி, முக்குல போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்துருவோம். அதுக்குள்ள இது கண்ணு முழிச்சிரும்."

ஏதோ வெளையாட்டுக்குச் சொல்றார்னு நெனச்சேன். டீ குடிச்சு, ஆளுக்கு ரெண்டு வடை தின்னு, ஊர்க்கதை எல்லாம் பேசிட்டுத் திரும்பி வந்தா, திரையில அந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. பதினாலு நிமிஷம்! அப்புறம் கோரல்டிரா தொறக்க நாலு நிமிஷம்.

சித்திதான் விஷயத்தைச் சொன்னாங்க. பொட்டி 2015ல அசெம்பிள் பண்ணது. ஒரு வருஷமா இப்படித்தான் இழுக்குது. ஒரு கடையில காமிச்சிருக்காங்க. அவங்க 'வைரஸ்'னு சொல்லி ஃபார்மட் அடிச்சு, ஒரு ஆன்ட்டி வைரஸையும் தலையில கட்டி விட்டுருக்காங்க. பழைய தமிழ் ஃபான்ட்டு, கீபோர்டு சாஃப்ட்வேர் எல்லாம் அந்த ஃபார்மட்ல காலி. சித்தப்பா ஃபைல் எல்லாம் யூனிகோடுக்கு முந்தின காலத்து ஃபான்ட்ல அடிச்சது. ஃபான்ட் இல்லைன்னா 'திருமண அழைப்பிதழ்' எல்லாம் ஏதோ செவ்வாய்க்கிரகத்து பாஷை மாதிரி தெரியும். ஒவ்வொரு பிரஸ்ஸா அலைஞ்சு அதைத் திரும்பச் சேக்கவே ஒரு வாரம். ரெண்டே மாசத்துல பொட்டி மறுபடியும் பழைய குருடி கதவைத் திறடி.

ரெண்டாவது தடவை போனப்போ, "இதுக்கு இனிமே வைத்தியம் பாக்குறது வேஸ்ட், புதுசு போட்டுருங்க, நாப்பத்தெட்டாயிரம் ஆகும்"னு சொல்லிட்டாங்களாம். தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்குன்னு கட்டிக்கிட்டு வர்ற ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துரலாமான்னு வீட்டுல பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. தள்ளி எடுத்தா கைக்கு வர்றது குறையும், உங்களுக்கே தெரியும். சித்தப்பா தொழிலும் முன்ன மாதிரி இல்ல. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை போட்டதுக்கு அப்புறம் பட்டாசு லேபிள் ஆர்டர் குறைஞ்சு போச்சுன்னு புலம்புவார். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியாகி அந்த வேலை வந்தாத்தான் நாலு காசு.

சரி, நாமளும் பேருக்கு இஞ்சினியரு, பெங்களூர்ல பொட்டி தட்டுற ஆளு, பாத்துருவோமேன்னு உக்காந்தேன். நான் பண்ண முதல் வேலை டாஸ்க் மேனேஜரைத் தொறந்தது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா வரும். சிபியு 9%. மெமரி 89%. டிஸ்க் 100%.

கேஸ் அங்கேயே முடிஞ்சு போச்சு மக்களே. மாத்தணும்னு சொன்ன பொட்டியோட மூளை பத்துல ஒரு பங்கு கூட வேலை பாக்கல, சும்மா உக்காந்திருக்கு.

சித்தப்பாவுக்கு பிரஸ் பாஷையிலேயே சொன்னேன். "ஆஃப்செட் மெஷின் ஓடத் தயாரா நிக்குது சித்தப்பா. ஆனா குடோன்ல இருந்து பேப்பர் எடுத்துட்டு வர்றதுக்கு ஒரே ஒரு ஆளு. அவரும் ஒவ்வொரு தாளா எடுத்துட்டு வர்றார். நீங்க மெஷினை மாத்துவீங்களா, ஆளை மாத்துவீங்களா?"

அந்த ஆளு யாருன்னா, சுத்துற ஹார்டு டிஸ்க். நிமிஷத்துக்கு 7,200 சுத்து. கேக்க பெருசாத்தான் இருக்கும். ஆனா ஒரு சின்ன ஃபைலைப் படிக்க, முள்ளு அந்த இடத்துக்கு நகரணும், அப்புறம் தட்டு சுத்தி அந்த இடம் முள்ளுக்குக் கீழ வரணும். இப்படி வேற வேற இடத்துக்குப் போயி எடுக்கணும்னா வினாடிக்கு எண்பது, நூறு தடவைதான் முடியும். விண்டோஸ் கிளம்பறப்போ கேக்குறதோ ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல். எஸ்எஸ்டியில சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல, எல்லாம் சிப்பு. வினாடிக்குப் பல்லாயிரம் தடவை எடுத்துக் கொடுக்கும்.

ரேம் கதையும் இதேதான். ரேம்ங்கிறது நம்ம வேலை பாக்குற மேஜை. மேஜை நிறைஞ்சு போச்சுன்னா, அதுல இருக்கறதைத் தூக்கி மறுபடி குடோன்லயே வைக்கும், வேணுங்கிறப்போ திரும்ப எடுக்கும். எடுக்கிறது யாரு? அதே ஆளுதான். 4 ஜிபியில பிரவுசரையும் கோரல்டிராவையும் ஒண்ணாத் தொறந்தா வேற என்ன ஆகும்?

நாலு ஸ்க்ரூவைக் கழட்டிப் பக்கத்துத் தகடை எடுத்தேன். ஆத்தாடி! பத்து வருஷத்துப் பேப்பர் தூசி, ஃபேன் மேல கம்பளி போத்துன மாதிரி. சூடு வெளிய போகலைன்னா சிபியு தன்னைக் காப்பாத்திக்க தானே வேகத்தைக் குறைச்சுக்கும். நம்ம ஊரு வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். தூசியைத் தட்டி, காஞ்சு போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் தொடைச்சுட்டுப் புதுசு தடவினேன். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு, செகண்ட் ஹேண்ட்ல 4 ஜிபி ரேம் ஒண்ணு. பேஸ்ட்டையும் சேர்த்து மொத்தச் செலவு 3,650 ரூபா.

ஃபார்மட் அடிக்கவே இல்ல. சி டிரைவை அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுத்தேன். குளோனிங்னு சொல்வாங்க. ஃபான்ட்டு, கீபோர்டு எல்லாம் வச்சது வச்ச இடத்துல. பழைய டிஸ்க்கும் உள்ளேயே இருக்கு, பழைய ஃபைல் வைக்கிறதுக்கு. ஸ்டார்ட்-அப்ல தானா கிளம்புற பதினேழு ஐட்டத்துல பதிமூணை நிறுத்தினேன். ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்கிட்டு இருந்த ரெண்டு ஆன்ட்டி வைரஸையும் தூக்கினேன். விண்டோஸ்லயே இருக்கிற டிஃபென்டர் போதும்.

பட்டனை அமுக்கினோம். முப்பத்தாறு வினாடி. சித்தி கையில காப்பியோட வந்து நின்னுட்டு, "அதுக்குள்ளயா?"ன்னாங்க.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயமே.

மெதுவா ஓடுறது நோய் இல்லங்க, நோய்க்கு அடையாளம். காய்ச்சல்னு போனா என்ன ஏதுன்னு பாக்காம 'புது உடம்பு வாங்கிக்கோங்க'ன்னு எந்த டாக்டராவது சொல்வாரா? கம்ப்யூட்டர் விஷயத்துல மட்டும் நாம அதைக் கேட்டுத் தலையாட்டிட்டு வர்றோம். எல்லாக் கடையையும் குத்தம் சொல்லல. ஆனா டாஸ்க் மேனேஜரைக் கூடத் தொறந்து காட்டாம ஒருத்தர் 'புதுசு வாங்குங்க'ன்னு சொன்னா, அந்தப் படியை விட்டு இறங்கிருங்க.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் பண்ணி ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ்னு பத்து தடவை அமுக்குறது யாரு? ஹி ஹி, நானும்தான். அது ஐகானைத் திரும்ப வரையுமே தவிர வேகத்தைக் கூட்டாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் பூஸ்டர்னு கண்டதையும் இறக்கிப் போடுறோம். அதுங்களும் பின்னாடி ஓடிக்கிட்டே இருந்து இருக்குற ரேமையும் திங்கும். எஸ்எஸ்டி போட்ட பிறகும் டிஃப்ராக் பண்ணத் தேவையில்ல.

சிவகாசிக்காரங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்ல. எந்த நாட்டுலயோ ஓடி முடிச்ச ஆஃப்செட் மெஷினை செகண்ட் ஹேண்டா இறக்கி, கழட்டி மாட்டி, வருஷக்கணக்கா ஓட்டுற ஊரு அது. ஆஃப்செட் வந்த பிறகு பழைய லெட்டர்பிரஸ் மெஷினைக் கூட எடைக்குப் போடாம, அட்டை வெட்டவும் நம்பர் அடிக்கவும் வச்சுக்கிட்டவங்க. அந்த ஊர்ல ஒரு பத்து வருஷத்துப் பொட்டி எடைக்குப் போறதுன்னா, காரணம் ஒண்ணுதான்: உள்ள என்ன இருக்குன்னு நமக்கு யாரும் தொறந்து காட்டல.

இலவச லேப்டாப்பையே எடுத்துக்கோங்க. 2011 செப்டம்பர் 15ல ஜெயலலிதா தொடங்கி வச்ச திட்டம். எல்காட் மூலமா வாங்கி, 50 லட்சத்துக்கும் மேல கொடுத்தாங்க. விண்டோஸோட சென்னை சி-டாக்ல உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்துச்சு. எனக்கும் ஒண்ணு கிடைச்சது. எங்க வீட்டுல வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான், புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டதும் அதுலதான். ஆனா என் கூடப் படிச்சவங்கள்ல முக்காவாசிப் பேரு லேப்டாப் 'ஸ்லோ ஆயிருச்சு'ன்னு பரண்ல ஏறிருச்சு. ஒரு எஸ்எஸ்டி, லேசான ஒரு லினக்ஸ், அரை நாள் வேலை. அவ்வளவுதான் தேவைப்பட்டது. மெஷினைக் கொடுத்த அரசாங்கம், அதைத் தொறந்து துடைக்க ஒரு வகுப்பு கூட எடுக்கல. 2025 பட்ஜெட்ல நம்ம மாவட்டத்து தங்கம் தென்னரசு, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தர்றதா அறிவிச்சார். நல்ல விஷயம். கூடவே காலேஜுக்கு ஒரு பட்டறை, நாலு ஸ்க்ரூடிரைவர், ஒரு செமஸ்டர்ல ரெண்டு சனிக்கிழமை. இதையும் சேர்த்தா அந்த மெஷின் அஞ்சு வருஷம் கூட ஓடும், ரிப்பேர் தெரிஞ்ச பசங்களும் ஊருக்கு நாலு பேர் கிடைப்பாங்க.

"விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிஞ்சு போச்சே?"ன்னு ஒருத்தர் கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. வீட்டுல வச்சிருக்கவங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிச்சுக்க மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வச்சது. சித்தப்பா பொட்டிக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால அவருக்கு நான் சொன்னது: அந்த நீட்டிப்பும் முடிஞ்ச பிறகு டிசைன் வேலைக்கு நெட் இல்லாம விண்டோஸ், நெட்டுக்குத் தனியா லினக்ஸ். கோரல்டிரா லினக்ஸ்ல ஒழுங்கா ஓடாது, அதையும் சொல்லிட்டேன். மதர்போர்டே போச்சுன்னாலோ, வீடியோ எடிட்டிங் வேலைன்னாலோ புதுசுதான் வாங்கணும், மறுக்கல. அதையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்றேன். 2025 கடைசியில இருந்து ஏஐக்காரங்க மெமரி சிப்பை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போயி ரேம் விலை எகிறினதைப் பாத்தோமே, இருக்கிறதைக் காப்பாத்துறதுக்கு அதுவே ஒரு காரணம்.

சீட்டு அப்படியே இருக்கு. தங்கச்சி ஃபீஸுக்குத்தான் போகும். கிளம்புறப்போ சித்தப்பா வாசல் வரைக்கும் வந்தார்.

"எல்லாம் சரி தம்பி, காலையில டீக்கடைக்குப் போக இனி வீட்டுல என்ன காரணம்டா சொல்றது?"

டிஸ்கி: ஸ்க்ரூவைக் கழட்டுறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிருங்க, முக்கியமான ஃபைலை வேற இடத்துல காப்பி எடுத்துருங்க. அப்புறம் பின்னூட்டத்துல வந்து என்னையத் திட்டப்படாது :-)