ஹோகன் வந்தா ரேட்டிங் ஏறுமா?

ஹொஸ்டல்ல எனக்கும் என்ர ரூம் மேட்டுக்கும் இடையில ஒரு முடியாத வாக்குவாதம் இருக்கு. "ரேட்டிங் விழுதா? ஒரு பெரிய ஸ்டாரைக் கூட்டிக்கொண்டு வா. அலுவல் முடிஞ்சுது" என்பது அவன்ர கட்சி. ரெண்டு பேரும் டென் ஸ்போர்ட்ஸ் பார்த்து வளர்ந்த ஆக்கள்தான். ட்ரம்ப் காட் விளையாடேக்க கிரேட் காளியின்ர உயரத்தைச் சொல்லிச் சொல்லி மற்றவையின்ர காட்டைப் பறிச்ச ஆக்கள்தான். நாங்கள் பார்த்தது ஒரு ரேட்டிங்கிலயும் சேரேல்ல, நீல்சன் கம்பனி எண்ணுறது அமெரிக்க வீடுகளை மட்டும்தான். ஆனாலும் அந்த எண்களுக்காக இரவு ஒரு மணிக்கும் சண்டை பிடிக்கிறம்.

எனக்கு இதில கோபம் வாறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கிழமைக்குக் கிழமை ரிங்குக்குள் விழுந்து எழும்பும் ஒரு இளம் வீரனை ஓரங்கட்டிவிட்டு, பழைய பெரிய பெயர் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தும்போதெல்லாம் கம்பனிகள் சொல்லும் ஒரே நியாயம் இந்த ரேட்டிங்தான். அப்படியென்றால் அது உண்மைதானா என்று கேட்க வேண்டாமா?

அவன்ர முதல் சாட்சி சி.எம். பங்க். நல்ல சாட்சிதான். 2014 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யை விட்டுப் போனவர், ஏழு வருடத்துக்கும் மேலாக வெளியே இருந்துவிட்டு, 2021 ஓகஸ்ட் 20 அன்று ஏ.ஈ.டபிள்யூ. என்ற புதிய கம்பனியின் 'ராம்பேஜ்' நிகழ்ச்சியில், தன் சொந்த ஊரான சிகாகோவில் வந்து நின்றார். அவர்தான் வருகிறார் என்று கம்பனி பெயர் சொல்லி விளம்பரம் செய்யவேயில்லை. ஆனாலும் அரங்கம் நிறைஞ்சுது. அதற்கு முதல் கிழமை அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் சுமார் 740,000 பேர். பங்க் வந்த இரவு 1.13 மில்லியன். இந்த இடத்தில அவன் கதையை நிப்பாட்டிப் போடுவான். அடுத்த கிழமைக் கணக்கை நான்தான் எடுத்து வைக்கவேணும்: சுமார் 720,000. பங்க் வாறதுக்கு முந்தின கிழமையை விடவும் குறைவு.

பங்கில பிழை இல்லை. அந்தச் செப்டெம்பரில் அவர் ஆடிய 'ஓல் அவுட்', பணம் கட்டிப் பார்க்கும் நிகழ்ச்சிகளில் ஏ.ஈ.டபிள்யூ. அதுவரை விற்றதிலேயே கூடுதலாக விற்றது. டிக்கெட், டீ சேர்ட், ஒரு இரவு, இவை எல்லாத்தையும் ஸ்டார் விற்பார். ஆனா தேருக்கு வாற சனத்தைப் பார்த்து, சும்மா நாள் மாலைப் பூசைக்கு எத்தினை பேர் வருவினம் எண்டு சொல்லேலாது. வாராந்த ரேட்டிங் எண்ணுறது அந்த மாலைப் பூசைச் சனத்தை.

சரி, ஹல்க் ஹோகனை எடுப்பம். ஒரே ஆள், ரெண்டு கம்பனி, ரெண்டு காலம். இதை விடத் தெளிவான பரிசோதனை கிடைக்காது. (நான் கலைப்பீடம், புள்ளிவிபரவியல் இல்லை. ஆனாலும் இவ்வளவு விளங்கும்.)

ஹோகன் 1994இல் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போனார். 1995 செப்டெம்பரில் அவர்கள் 'நைட்ரோ' நிகழ்ச்சியைத் தொடங்கி, டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இன் 'ரோ' ஓடும் அதே திங்கள் இரவில் மோதவிட்டார்கள். உலகத்திலேயே பெரிய மல்யுத்த ஸ்டார் நைட்ரோவில்தான் இருந்தார். அப்படியும் முதல் ஒன்பது மாதமும் ஒரு கிழமை அது வெல்லும், மறு கிழமை இது வெல்லும். இழுபறிதான். நைட்ரோ தொடர்ந்து 83 கிழமை வெல்லத் தொடங்கியது 1996 ஜூனில். அப்போது நடந்தது என்ன? ஸ்கொட் ஹோலும் கெவின் நாஷும் எதிரிக் கம்பனியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் போலக் கூட்டத்துக்குள்ளால் நுழைந்து, தங்களுடன் மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான் என்றார்கள். ஆர் அந்த மூண்டாவது ஆள்? சனம் அந்தக் கேள்விக்காகத்தான் திரும்பித் திரும்பி வந்தது. ஜூலை 7 அன்று விடை கிடைத்தது: ஹோகன். பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக நல்லவனாக இருந்த மனிதன் கெட்டவனாக மாறி நின்றான். அதாவது வெற்றி தொடங்கி நாலு கிழமைக்குப் பிறகுதான் ஹோகன் அந்தக் கதைக்குள்ளேயே வருகிறார்.

இப்ப 2010. ரி.என்.ஏ. என்ற சின்னக் கம்பனி அதே ஹோகனைக் கூட்டி வந்தது. ஜனவரி 4 அன்று அவர் தோன்றிய இரவை சுமார் 2.2 மில்லியன் பேர் பார்த்தார்கள், அந்தக் கம்பனிக்கு அது பெரிய எண். உடனே தலைக்கேறிவிட்டது. மார்ச்சில் நிகழ்ச்சியைத் திங்கட்கிழமைக்கு மாற்றி ரோவுடன் நேருக்கு நேர் மோதினார்கள். ரேட்டிங் 1.0க்குக் கீழே போனது. மே மாதம் திரும்ப வியாழக்கிழமைக்கே ஓடிப்போனார்கள். இடையில் என்ன தொலைந்தது என்று பாருங்கள். ரி.என்.ஏ.யின் அடையாளமே அதன் ஆறு பக்க ரிங். ஹோகன் வந்த அதே மாதம் அதைக் கழற்றிவிட்டு எல்லோரும் வைத்திருக்கும் நாலு பக்க ரிங்கைப் போட்டார்கள். அரங்கத்தில் இருந்த சனம் ஆறு பக்கம் வேணும் என்று கத்தியது. அப்போது சாம்பியன் ஏ.ஜே. ஸ்டைல்ஸ், அந்தக் கம்பனி தானாக வளர்த்தெடுத்த ஆள். அவருக்கு ரிக் ஃபிளேயர் மாதிரி மினுங்கும் அங்கியைப் போட்டுவிட்டு, ஃபிளேயரின் சீடனாக நடக்க வைத்தார்கள். பெரிய பெயர்களைப் பார்க்க வந்த சனம் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஸ்டைல்ஸைப் பார்க்க வந்தவனுக்கு ஸ்டைல்ஸும் இல்லை.

இதுக்கு அவன்ர பதில் எப்பவும் ஒரே சொல்: "ஒஸ்டின்." 1999 மே மாதம் ரோ எடுத்த 8.1 ரேட்டிங்கைத் திங்கள் இரவுகளில் வேறு எந்த ரோவும் எட்டவில்லை. அந்தச் சேனல் வரும் நூறு வீட்டில் எட்டு வீடு எண்டு வையுங்கோ. அந்த ஜூனில் ஒஸ்டினும் அண்டர்டேக்கரும் மோதிய கால் மணி நேரத்துக்கு மட்டும் 9.5. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் எண்டு கேப்பான்.

ஆனா 1997ஐயும் பாக்கவேணும். அந்த மார்ச்சில் பிரெட் ஹார்ட்டிடம் இரத்தம் ஒழுகத் தோற்ற பிறகு ஒஸ்டின் கூட்டத்தின் செல்லப்பிள்ளை. அப்படியிருந்தும் 1997 முழுக்க ரோ தோற்றுக்கொண்டேதான் இருந்தது. அதே ஒஸ்டின், அதே மொட்டைத் தலை, அதே கறுப்புச் சப்பாத்து. 1998இல் சேர்ந்தது முதலாளி. வின்ஸ் மக்மேன் கோட் சூட்டுடன் வந்து, 'நீ நான் விரும்புற மாதிரிச் சாம்பியனாக இருக்கவேணும்' என்கிறார். தொழிலாளி மாட்டன் என்கிறான். ஏப்ரல் 13 அன்று ரெண்டு பேரும் மோதுவார்கள் என்று அறிவித்த இரவுதான் ரோ அந்த நீண்ட தோல்வியிலிருந்து வெளியே வந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சண்டை நடக்கவேயில்லை. தொடங்க முதலே டூட் லவ் வந்து குழப்பிவிட்டார். நடக்காத சண்டை ஒன்றைப் பார்க்கக் காத்திருந்து, அடுத்த கிழமையும் வந்தார்கள்.

ஒன்றை நான் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவன் விடமாட்டான். கதை மட்டும் போதும் என்றால் 2001 வென்றிருக்க வேண்டும். ஒரு கம்பனி மற்றக் கம்பனியை உண்மையிலேயே வாங்கிவிட்டது, தோற்றவர்கள் படையெடுத்து வருகிறார்கள். இதைவிடப் பெரிய கதை மல்யுத்தத்தில் கிடையாது. ஆனால் ஹோகன், நாஷ், கோல்ட்பேர்க், ஸ்டிங் என்று டபிள்யூ.சி.டபிள்யூ.வின் முகங்களாக இருந்த ஒருவரும் அப்போது வரவில்லை. கதை அந்த வருட முடிவுக்குள்ளேயே செத்துப்போனது. அப்ப ஸ்டார் தேவைதான். ஆனா அவரைக் கொண்டுவந்து நிப்பாட்டினாப் போதும் எண்டதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டன். அவர் வந்தால் ஆருக்கு என்ன நடக்கும், அதைத் தெரிய அடுத்த கிழமை வரைக்கும் ஒருத்தன் பொறுத்திருப்பானா? நிகழ்ச்சியை எழுதுகிறவன் கேட்கவேண்டியது அதை.

கடைசியா 1999 ஜனவரி 4ஆம் திகதியைச் சொன்னேன். அன்றைக்கு நைட்ரோவில் ஹோகனும் நாஷும் சாம்பியன் பட்டத்துக்கு மோத இருந்தார்கள். ரெண்டு மாபெரும் பெயர்கள், அதுவும் நேரடி ஒளிபரப்பு. ரோ முதலே பதிவு செய்த நிகழ்ச்சி. மேலிடத்து உத்தரவின்படி நைட்ரோ வர்ணனையாளர் டோனி ஷியாவோனி ரோவின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்: அங்க மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போறாராம், அதைப் பாக்க ஆர் வரப்போகினம் எண்ட நக்கலோட. ஃபோலியைத் தெரியும்தானே. ஒரு காதில பாதி இல்லை, முன் பல்லு இல்லை, வயிறு தொங்கும். வருடக்கணக்காக மேலே இருந்து விழுந்து, மற்றவர்களைப் பெரியவர்களாக்கிக் காட்டிய மனிதன்.

சொன்ன கையோடு சனம் ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றியது. சுமார் 6 இலட்சம் பேர் என்று அன்றிலிருந்து சொல்லப்பட்டு வருகிறது. அன்றிரவு ரோ வென்றது. நைட்ரோவில் ஹோகன் ஒரு விரலால் நெஞ்சில் குத்த, நாஷ் மரம் சாய்வது போல விழுந்து பட்டத்தைக் கொடுத்தார். அதுக்குப் பிறகு நைட்ரோ ஒரு கிழமை கூட வெல்லவில்லை. 2001 மார்ச்சில் கம்பனியையே விற்றுவிட்டார்கள்.

ரூம் மேட் கொஞ்ச நேரம் யோசிச்சான். "அப்ப ஃபோலியும் ஸ்டார்தானே?"

"ஓம்" எண்டன். "ஆனா அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது ஆர்?"

அவன் லைட்டை நிப்பாட்டிப் போட்டுப் படுத்திட்டான்.