50 கிலோ மூட்டையும் என் இடது காலும்

வலி காலில், கோளாறு முதுகுத்தண்டின் அடியில். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்த, இடுப்பிலிருந்து குதிகால் வரை சுரீர்னு இழுக்குது, ஆறு வருசமா.

மதுரையில டாக்டர் சொன்னாரு: "குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க." சரிங்க, மேலூர் பக்கம் என் வரப்பை யாரு வெட்டுறது? மூட்டையை யாரு எறக்குறது?

டிஏபி மூட்டை 50 கிலோ. யூரியாவை 2018ல 45 ஆக்குனாங்க. எங்க முதுகுக்காக இல்ல, யூரியா போடுறதைக் குறைக்க. கொள்முதல் நிலையத்துல நெல் மூட்டை 40 கிலோ.

உங்க வீட்டுக்கு வர்ற அரிசிப் பையைப் பாருங்க. 2022ல 25 கிலோ வரைக்கும் ஜிஎஸ்டின்னதும், ஆலைக்காரங்க 26 கிலோ பை போட்டாங்க. வரிக்காகப் பையை மாத்த முடியுது. எங்க முதுகுக்காக உர மூட்டையை 25 ஆக்க முடியாதா?

எனக்கு இனி லேட்டு. என் மகன் முதுகாவது தப்பிக்கட்டும்.