வெனிஸுக்கு இரண்டாவது தடவை சரி, பழையகாயலுக்கு முதல் தடவை எப்போது?

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டவர்களை நான் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.

என்னிடம் படித்த ஒரு தம்பியும் அவர் மனைவியும் பத்து வருடம் கழித்து மறுபடியும் இத்தாலியில் வெனிஸ் நகரத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடிதான். "முதல் தடவை அவசரமாப் பார்த்தோம் சார், இந்தத் தடவைதான் ஊரே புரிஞ்சுது" என்றார். நியாயமான பேச்சு. ஒரு ஊரை முதல் தடவை கண் பார்க்கும், இரண்டாம் தடவைதான் மனசு பார்க்கும். அவர்கள் உழைத்த காசு, அவர்கள் விருப்பம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

"தம்பி, பழையகாயலை இறங்கிப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"திருச்செந்தூர் பஸ் அந்த வழியாத்தானே சார் போகும். அங்க பார்க்க என்ன சார் இருக்கு?"

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில். அவரை மட்டும் சொல்லவில்லை, யார் என்று தேடவும் வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் பதில் இதுதான்.

வெனிஸில் நீங்கள் இறங்கிய விமான நிலையத்தின் பெயர் என்ன? மார்க்கோ போலோ. 2024-இல் அவர் இறந்து 700 வருடம் ஆனதை அந்த ஊர் கொண்டாடியது. அந்த மனிதர் சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில், 1292-93 வாக்கில், நம் கரையைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் 'காயல்' என்று சொல்லும் பெரிய துறைமுகம் நம் பழையகாயல்தான் என்று எடுத்துச் சொன்னவர் இடையன்குடி கால்டுவெல். அங்கே தரையெங்கும் சீனப் பீங்கான் ஓடுகள் சிதறிக் கிடந்ததைக் கண்டு எழுதியவரும் அவரே.

போலோ சொல்வதைக் கேளுங்கள். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகளையும் சரக்குகளையும் ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் காயலில்தான் நிற்குமாம். முத்துக்குளிப்பு ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை நடக்குமாம். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. சுறா நெருங்காமல் மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அவர்களைத்தான் பிற்காலத்தில் நம் கரையில் 'கடல்கட்டி' என்றார்கள். ஆக, வெனிஸ்காரர் ஒருவர் நம் ஊர்க் கூலிக்கணக்கு வரை எழுதி வைத்திருக்கிறார். நாம் அவர் ஊருக்கு இரண்டு தடவை போய்விட்டோம், அவர் எழுதிய ஊரில் ஒரு தடவை இறங்கவில்லை.

"வெனிஸ் இருக்கு, காயல் போயிடுச்சே சார்" என்பீர்கள். ஏன் போனது என்று கேட்டீர்களா? வெனிஸைச் சுற்றியிருக்கும் உப்பங்கழியிலும் ஆறுகள் வண்டல் கொண்டுவந்து கொட்டின. அந்த ஊர்க்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் உழைத்து பிரெந்தா, பியாவே போன்ற ஆறுகளையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். இன்றைக்கும் கடல் பொங்கினால் தடுக்க 78 இரும்புக் கதவுகள் வைத்திருக்கிறார்கள்; 2020 அக்டோபரில் அவை முதன்முறையாக வெள்ளத்தைத் தடுத்தன. நம் கதை வேறு. தாமிரபரணி மண்ணைக் கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கியது. கிரேக்கர் 'கொல்கோய்' என்று எழுதிய பாண்டியர் துறைமுகம் கொற்கை இன்று வயலுக்கு நடுவே இருக்கிறது. கொற்கைக்குப் பிறகு காயல், காயலுக்குப் பிறகு தூத்துக்குடி. துறைமுகம் நகர நகர நாமும் நகர்ந்தோம். அது குற்றமில்லை, ஆறு செய்த வேலை. ஆனால் விட்டு வந்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காதது நாம் செய்த வேலை.

பார்க்க என்ன இருக்கிறது என்றா கேட்டீர்கள்? கொற்கையில் குளம் இருக்கிறது, வெற்றிவேலம்மன் கோயில் இருக்கிறது, ஈராயிரம் வருடத்து மரம் என்று ஊரார் சொல்லும் வன்னி மரம் இருக்கிறது. அங்கே கிடைத்த கரித்துண்டைச் சோதித்து கி.மு. 785 என்று காலம் சொன்னார்கள். 2021-இல் தமிழகத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. அங்கிருந்து ஆதிச்சநல்லூர் போனால், தோண்டிய குழிகளையும் தாழிகளையும் கண்ணாடிக்கு மேலே நின்று கீழே பார்க்கலாம். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் அண்டிரிக் அடிகளார் வாழ்ந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்த தமிழ்ப் புத்தகம். எல்லாம் ஒரே நாளில் பார்த்து முடிக்கிற தூரம்.

அரண்மனை இல்லைதான். மேடும் ஓடும் உப்பளமும்தான். ஆனால் மேட்டை வரலாறாகப் பார்க்கத் தெரிவதற்குப் பெயர்தான் படிப்பு. வெனிஸிலும் வழிகாட்டி ஒருவர் சொன்ன பிறகுதானே உங்களுக்கு ஊர் புரிந்தது?

"அரசாங்கம் ஒரு போர்டு வைக்கலை, கழிப்பறை கட்டலை, நாங்க போய் என்ன ஆகும்?" என்றும் கேட்பார்கள். ஆள் வராத இடத்துக்கு எந்த அரசாங்கம் போர்டு வைக்கும்? வெனிஸில் கூட்டம் தாங்காமல், 2024-இல் சில நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். அங்கே கூட்டத்தைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள், இங்கே வழி கேட்கவும் ஆள் வருவதில்லை. நீங்கள் நாலு குடும்பம் போய், படம் போட்டு, ஊராட்சியிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுங்கள். பிறகு பேசுவோம்.

இவ்வளவு அவசரப்படுத்த ஒரு காரணம் உண்டு. வெனிஸ் உங்கள் மூன்றாவது பயணத்துக்கும் காத்திருக்கும். நம் கரையில் ஒன்று காத்திருக்காது. தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன்பின் இல்லை. அன்று இருபது வயதில் கல்லைக் காலில் கட்டி மூச்சடக்கி இறங்கியவருக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. மேலே கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நம்புவார்கள் என்று நம் பக்கம் சொல்வழக்கு; தங்கை தாலிக்குப் பயந்தாவது கயிற்றை விடமாட்டானாம். இதை அனுபவித்துச் சொல்லும் வாய்கள் இன்னும் எத்தனை வருடம் இருக்கும்? போலோ எழுதியது வெனிஸ்காரர் கண்ணால் கண்ட கதை. கடலுக்கு அடியில் இருந்தவன் கதையை நாம்தான் எழுத வேண்டும், நாம் எழுதவில்லை.

எனவே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் சென்னை, பெங்களூரில் இருப்பவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்குங்கள். பழையகாயல், கொற்கை, ஆதிச்சநல்லூர், பிள்ளைகளோடு. இன்னொரு நாள் சாயங்காலம் திரேஸ்புரம் பக்கம் போங்கள். சங்கு குளிக்கிறவர்கள் வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால், அனுமதி கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். உங்கள் தாத்தாவே அந்தத் தொழில் பார்த்திருந்தால் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

கூட வர ஆள் வேண்டுமென்றால் எனக்குப் போன் போடுங்கள். வெயில் ஏறுவதற்குள் பார்க்க வேண்டும், காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பி நிற்கணும். மத்தியானச் சாப்பாடு ஏரலில்.