ரசீது எங்கே?

தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்துவிட்டால், கட்டுமாவடி வட்டாரத்து விவசாயத் தொழிலாளிக்கு வயலில் வேலை இல்லை. கல்லணைக் கால்வாயின் கடைமடை இது. மறுபடி தண்ணீர் வந்து, உழவு தொடங்கும் வரை மாதக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆண்கள் வெளியூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். ஊரில் இருக்கும் பெண்கள், "நூறு நாள் வேலை எப்போது போடுவார்கள்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. அவர்கள் பார்த்துப் 'போடுவதற்கு' வேலை என்பது அன்னதானமா? நாம் கேட்கவேண்டும்; அவர்கள் கொடுக்கவேண்டும். கொடுக்க முடியாவிட்டால் வேலையில்லாக் காலப் படி தரவேண்டும். 2005-ம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் இப்படித்தான் சொல்லிற்று. மனுக் கொடுத்த 15 நாளில் வேலை தராவிட்டால், முதல் 30 நாளுக்குக் கூலியில் குறைந்தது கால் பங்கு, அதன் பின் குறைந்தது அரைப் பங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26-ல் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய். கால் பங்கு 84, அரைப் பங்கு 168. மனுக் கொடுத்து 60 நாள் வேலை தரவில்லை என்றால், முதல் 15 நாள் போக, அடுத்த 30 நாளுக்கு 2,520 ரூபாய். கடைசி 15 நாளுக்கு இன்னொரு 2,520. ஆக 5,040 ரூபாய். நம் ஊர்களில் இதை வாங்கியவர் யார்? விரல் விட்டு எண்ணவும் ஆள் கிடைக்கவில்லை. ஏன்?

2025-ம் ஆண்டுக் கோடையில் இப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் அறுபது வயதுத் தாய் ஒருவரிடம் பேசினோம். "மூணு தடவை கேட்டாச்சு தம்பி. பார்ப்போம், பார்ப்போம்னுதான் சொல்றாக" என்றார்.

"எழுதிக் கொடுத்தீங்களாம்மா?"

"வாயாலதான் கேட்டோம்."

"ரசீது வாங்கினீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "வேலையே குடுக்காதவுக ரசீதா குடுக்கப் போறாக?"

அந்தச் சிரிப்பில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பதினைந்து நாள் என்ற கடிகாரம் ரசீதில் உள்ள தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ரசீது இல்லாவிட்டால் மனு இல்லை, மனு இல்லாவிட்டால் தாமதமும் இல்லை, படியும் இல்லை! வேலை தயாரான அன்றைக்குத்தான் 'இன்று வேலை கேட்டார்கள்' என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. காகிதத்தைப் பார்த்தால், கேட்டவருக்கெல்லாம் கேட்ட அன்றே வேலை கிடைத்த சொர்க்கலோகம்!

இது குமாஸ்தாவின் சோம்பேறித்தனம் மட்டுமல்ல. 2005-ம் ஆண்டுச் சட்டப்படி வேலை கொடுத்தால் கூலிப் பணம் டில்லி சர்க்காருடையது. வேலை கொடுக்காவிட்டால் படி மாநில சர்க்காருடையது. ஒவ்வொரு ரசீதும் மாநிலக் கஜானா மீது எழுதப்பட்ட கடன் பத்திரம். மேலிருந்து கீழ் வரை யாருக்கு அதைக் கொடுக்க மனம் வரும்?

வேலை செய்தவன் கதை என்ன? மஸ்டர் ரோல் முடிந்த 15 நாளுக்குள் கூலி வரவேண்டும். தவறினால் 16-ம் நாளிலிருந்து நாளொன்றுக்கு நூற்றுக்கு 0.05 வீதம் நஷ்ட ஈடு. அதாவது, ஆயிரம் ரூபாய் கூலி பாக்கிக்கு ஒரு நாளைக்கு ஐம்பது காசு! இந்த ஐம்பது காசும் எத்தனை பேருக்கு வந்தது? 2025-ம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 4,034 கோடி ரூபாயை டில்லி நிறுத்தி வைத்திருக்கிறது என்று மாநில சர்க்காரே தெருவில் இறங்கிக் கூச்சல் போட்டது. அந்த மாதங்களில் மளிகைக் கடைக் கடனுக்கு யார் வட்டி கட்டினார்கள்? மண் சுமந்தவள் கட்டினாள்.

2025 டிசம்பரில் பாராளுமன்றம் பழைய சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாளாகும் என்று விளம்பரம். அதே சட்டத்தில், விதைப்பு, அறுப்புக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும், தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கு ஏற்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். வேலை தராவிட்டால் படி என்ற பேச்சு இதிலும் இருக்கிறது. ஆனால் இனிமேல் வேலை கொடுத்தாலும் மாநிலத்துக்குச் செலவு. ரசீது கொடுக்கும் கை இன்னும் இறுகும். எனவே நாமும் இன்னும் உறுதியாகக் கேட்கவேண்டும்.

இது வயல்காட்டுப் பிரச்னை என்று ஆலைத் தொழிலாளித் தோழர்கள் நினைக்கவேண்டாம். பஞ்சு இல்லை, கரண்ட் இல்லை என்று மில்லை நிறுத்தி லே-ஆஃப் கொடுத்தால், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி தரவேண்டும் என்பது 1953-லேயே சட்டமாயிற்று. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் இந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஆனால் நிபந்தனை என்ன? ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்தில் ஆலைக்குப் போய் ஆஜராகவேண்டும். "வேலைதான் இல்லையே" என்று வீட்டில் படுத்தவனுக்குப் பாதிச் சம்பளமும் போயிற்று. ஆஜர்ப் புத்தகத்தில் உள்ள கையெழுத்துத்தான் அவனுடைய ரசீது.

வேலையே போனவருக்கு ஈ.எஸ்.ஐ.யில் 2018-ல் ஒரு நிவாரணம் தொடங்கினார்கள். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். பெயரைக் கேட்டே பாதிப்பேர் திரும்பி விடுவார்கள்! முதலில் சராசரிச் சம்பளத்தில் கால் பங்கு. 2020-ல் அரைப் பங்கு ஆக்கினார்கள். 90 நாள் வரை. நிரந்தர உரிமையாக்காமல், அவ்வப்போது காலத்தை நீட்டியே இதை நடத்தி வந்திருக்கிறார்கள். இங்கும் சந்தா கட்டிய நாட்கள்தான் கணக்கு. பிடித்த சந்தாவை முதலாளி கட்டினாரா என்பதை வேலை போன பிறகு தேடினால் பயனில்லை. வேலையில் இருக்கும்போதே சம்பளச் சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

படித்த பிள்ளைகளின் கதையும் இதுவே. எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தால், பத்தாவது தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய் என்று மாநிலத் திட்டம் சொல்கிறது. பதிவைப் புதுப்பிக்க மறந்தால் அதுவும் இல்லை.

வேலையற்றோருக்குச் சர்க்கார் உதவவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 41-வது பிரிவு வழிகாட்டுகிறது. பிரிட்டனில் 1911-லேயே வேலையில்லாக் கால இன்ஷூரன்ஸ் சட்டம் வந்துவிட்டது. இங்கே சட்டம் வந்தும் ரசீது வரவில்லை!

செய்யவேண்டியது இது. தனித்தனியாகப் போகாதீர்கள், தெருவாகச் சேர்ந்து போங்கள். பெயர், அட்டை நம்பர், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் வேலை வேண்டும் என்று இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஊராட்சியில் மறுத்தால் பி.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கள். அங்கும் மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். தபாலாபீஸ் ரசீதில் தேதி விழுந்தே தீரும்! பதினாறாம் நாள் படி கேட்டு இரண்டாவது மனுக் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில் ரசீதோடு நில்லுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வேலைக்குக் கூப்பிட்ட பிறகு போகாமல் இருந்தால் படி கேட்கும் வழி அடைபட்டுவிடும்.

1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்துக் கற்றார்கள்; சைக்கிள் மிதித்தார்கள்; ஊரே வேடிக்கை பார்த்தது. அன்று எதற்காகக் கையெழுத்துப் போடக் கற்றோம்? கந்துவட்டிக்காரன் நோட்டில் கைநாட்டு வைக்காமல் இருக்க மட்டுமா? நம் மனுவை நாமே எழுதவும், அதிகாரி எழுதித் தருவதைப் படித்துப் பார்த்து வாங்கவும்தான்.

அடுத்த முறை 'பார்ப்போம்' என்று சொன்னால், சிரித்துவிட்டுத் திரும்பவேண்டாம், தாய்மார்களே! அங்கேயே நின்று கேளுங்கள்: ரசீது எங்கே?