இலக்கம் இல்லாத கதவு

என் தங்கைக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் 17 நாள் தோட்டத்து ஆபீசில் கிடந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிட்டு அம்மா கையில் கொடுத்தபோது தேர்வு முடிந்து ஒன்பது நாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மழையில் நனையாமல் இடுப்பில் கட்டிய படங்குக்குள் மடித்துச் செருகிக் கொண்டுவந்து, "கவர்மெண்டு முத்திரை இருக்கு, நல்ல சேதியாத்தான் இருக்கும்" என்று நீட்டினாள். தங்கை படித்தாள். ஒன்றும் பேசாமல் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்கு அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறாள்.

யாரைப் போய்க் கேட்பது? தபால்காரரைக் குறை சொல்ல முடியாது. வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு இலக்கம் கிடையாது. அத்தனை காம்பராவுக்கும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நாள் முதல் 200 வருஷமாக இந்த மலையில் பிறந்து, உழைத்து, இங்கேயே புதைகிறோம். எங்களுக்கு நேராக ஒரு கடிதம் போட வழியில்லை!

வீடு சொந்தமென்றால்தானே இலக்கம். உரிமை கேட்டபோதெல்லாம் கிடைத்தது குண்டுதான். கூலி கேட்டுப் போராடிய முல்லோயாவில் 1940இல் கோவிந்தனைச் சுட்டார்கள். தோட்டக் காணியைப் பறிக்காதே என்று நின்ற டெவன் தோட்டத்தில் 1977இல் சிவனு லெட்சுமணனைச் சுட்டார்கள். பிறகு ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் தருகிறோம் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். காடாகக் கிடந்த மலையை வெட்டித் திருத்திய சனத்துக்கு 7 பேர்ச்! அதையும் எங்கள் லயத்தில் இன்னும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

நிலம் மட்டுமா, நாடும் இல்லை என்றார்கள். சுதந்திரம் வந்த அதே 1948இல் ஒரு சட்டம் போட்டு எங்களை நாடற்றவர்களாக்கினார்கள். அடுத்த வருஷம் வாக்கும் போயிற்று. 1964இல் இரண்டு அரசாங்கமும் டெல்லியில் உட்கார்ந்து எங்களை எண்ணினார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் இருந்த 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டின் பல்லையாவது பிடித்துப் பார்ப்பார்கள். எங்கள் முகத்தை யார் பார்த்தது?

அப்பாயியின் தங்கச்சி அந்தக் கணக்கில் இந்தியாவுக்குப் போனவள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பேர் அழுகைக் கோச்சி. ஜன்னல் வழியே பிடித்திருந்த கையை, கோச்சி நகர்ந்த பிறகும் விடாமல் மேடை முடியும்வரை ஓடியதாக அப்பாயி சொல்வாள். சொல்லும்போது அவள் விரல்கள் தானாக மடங்கிக்கொள்ளும். போனவளை நீலகிரியில் 'சிலோன்காரி' என்றார்கள். இருந்த எங்களை இங்கே 'கள்ளத்தோணி' என்றார்கள், 'தோட்டக்காட்டான்' என்றார்கள். இங்கே நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது 2003இல். 55 வருஷம்! செய்தது தப்பு என்று ஒரு வாய் சொல்லக் கேட்காமலே அப்பாயி கண்ணை மூடினாள்.

அதனால்தான் 2023இல் நடந்தோம். மந்திரி கூப்பிட்டு நடக்கவில்லை. தோட்டத்துப் பெண்களும் சங்கத்துக்காரர்களும் வாத்தியார்களும் சாமியார்களும் சேர்ந்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டார்கள். கோப்பித் தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்கள் காட்டு வழியே, வாந்திபேதியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு, மாத்தளைக்கு நடந்தார்களே, அந்தத் தடத்தில். அம்மாவும் நானும் தம்புள்ளையில் சேர்ந்துகொண்டோம். அட்டை கடித்துத் தழும்பேறிய அம்மாவின் காலுக்குத் தார் ரோட்டுச் சூடு பழக்கமில்லை. வழியில் ஒரு சிங்களப் பெண்மணி அம்மாவின் கையைப் பிடித்துத் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, கருப்பட்டியோடு பிளேன்டீ கொடுத்தாள். அம்மா குடிக்காமல் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாப்பது வருசமா கொழுந்து ஆயிறேன். எனக்குன்னு ஒருத்தர் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தது இதுதான் மொத தடவ" என்றாள். அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. அம்மா அழுவதைப் பார்த்து அவளும் அழுதாள்.

ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிலம் கேட்டோம், நியாயமான கூலி கேட்டோம், எங்கள் சரித்திரத்தை ஒத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டோம். அந்தத் திண்ணையில் கிடைத்த ஆறுதலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் நிலத்தை அந்தப் பெண்மணியால் தர முடியாதே. தர வேண்டியவர்கள் எங்கே?

திரும்பி வந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பெண்கள் எங்கள் இஸ்தோப்பில் கூடுகிறோம். அழுகைக் கோச்சியில் யார் வீட்டில் யார் போனார்கள் என்று ஒவ்வொருத்தராகச் சொல்ல, தங்கையின் பழைய கொப்பியில் எழுதி வைக்கிறேன். போன மாதம் பொடியன்கள் வெள்ளைப் பெயின்ட் வாங்கிவந்து கதவுகளில் தாங்களே இலக்கம் எழுதினார்கள். எங்களுக்கு 14. அம்மா தினமும் வேலைக்குப் போகுமுன் அதை முந்தானையால் துடைக்கிறாள்.

தபால்காரர் இன்னும் ஆபீசுக்குத்தான் போகிறார்.