'நீயா?'வில் இருந்த கேள்விக்குறி எங்கே?

பாம்பு பெண்ணாக மாறும் படம் என்றதும் தமிழ்நாட்டில் முதலில் ஞாபகத்துக்கு வருவது 'நீயா?' தான். 1976-ல் வந்த இந்தி 'நாகின்' படத்தின் ரீமேக். 1979-ல் துரை இயக்கினார். அதே வருஷம் 'பசி' எடுத்தாரே, அதே துரைதான்! பாம்பாக ஸ்ரீப்ரியா. கூடவே கமல், லதா, முத்துராமன் என்று பெரிய கூட்டம்.

சரியாக 40 வருஷம் கழித்து, 2019-ல் 'நீயா 2' வந்தது. எல். சுரேஷ் இயக்கம். ஜெய், ராய் லட்சுமி, கேத்ரின் தெரசா, வரலட்சுமி. பழைய கதைக்கும் இதற்கும் தொடர்ச்சி கிடையாது. பெயரும், பாம்பும், 'ஒரே ஜீவன்' பாட்டும்தான் மிச்சம். காமர்ஸ் படித்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: பழைய கடையின் நற்பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு புதுச் சரக்கு விற்பது.

படம் மொக்கை ஆனதற்கு கிராபிக்ஸ்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பழைய படத்தில் மட்டும் என்ன பெரிய தந்திரம்? ஒரு ஷாட்டில் பாம்பு, வெட்டினால் அடுத்த ஷாட்டில் ஸ்ரீப்ரியா. அவ்வளவுதான்! ஆனாலும் ஜனங்கள் பயந்தார்கள். ஏன்?

ஏனென்றால் அங்கே முதல் தப்பு மனுஷனுடையது. காட்டுக்குப் போன இடத்தில் ஆண் பாம்பைக் கொன்றுவிடுகிறார்கள். பெண் பாம்பு ஒவ்வொருவராகத் தேடி வருகிறது. 'கொன்றது நீயா?' என்று கேட்கிற மாதிரி ஒரு தலைப்பு. இரண்டாம் பாகத்திலோ பாம்பின் கோபத்தைவிட காதலுக்கும் மறுபிறவிக்கும்தான் இடம் அதிகம். தலைப்பில் இருந்த கேள்விக்குறியையும் காணோம்.

அதற்காக பழைய படம் குற்றமே இல்லாதது என்று அர்த்தமில்லை. 'பாம்பை அடித்தால் ஜோடி வந்து பழி வாங்கும்' என்ற நம்பிக்கைக்கு இந்த வகைப் படங்கள் நல்ல தீனி போட்டன. நிஜத்தில் பாம்புக்கு ஆளை ஞாபகம் வைத்துப் பழிவாங்கத் தெரியாது. ஆனால் அந்தப் பயத்தில் இன்னும் ஒரு பாம்பைத் தேடி அடிக்கிறார்கள்.

சென்னையில் ஏசி தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாம்பு வெறும் கிராபிக்ஸ். ஜவ்வாது மலை நெல்லிவாசல்நாட்டில் சாமைக் கொல்லைக்கு நடந்து போகிறவருக்கு அப்படி இல்லை. கடி பட்டால் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இவர்களைக் கடித்த எந்தப் பாம்பும் பழிவாங்க வந்ததில்லை. இருட்டில் மிதிபட்டதாக இருக்கும், வைக்கோலில் கைபட்டதாக இருக்கும்.

கடிபட்டவரைக் காப்பாற்றும் மருந்துக்கும் பாம்பின் விஷம்தான் வேண்டும். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. 'நீயா?' வருவதற்கு ஒரு வருஷம் முன்னால்! நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கொல்ல வந்த விஷம் உயிர் காக்கும் மருந்தாவதைவிட பெரிய உருமாற்றம் எந்தப் படத்தில் இருக்கிறது?

'நீயா 3' எடுக்க யாராவது நினைத்தால் மூன்று ஹீரோயின் தேட வேண்டாம். வடநெம்மேலிக்கு ஒரு நடை போய் வந்தால் போதும். அப்படியே அந்தக் கேள்விக்குறியையும் திரும்பப் போட்டுவிடலாம்.